ஐயம் கொண்ட ஆயர்கள்

கருமத்தம்பட்டியில் ஒருவர் மனசாட்சிக்காகப் பதவியை விட்டார். கோவையில் ஒருவர் அறிவுக்கும் சபையில் இடம் உண்டு என்றார். இருவருக்கும் நடுவில் ஈரோடு. கொங்கு மண்ணில் விசுவாசமும் கேள்வியும் ஒரே வீட்டில் குடியிருந்த கதை.

1846 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. கருமத்தம்பட்டியில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பெயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக். அப்போது அவருக்கு 33 வயதுகூட நிறையவில்லை. தென் பிரான்சில் கஸ்தெல்நொதாரி என்ற ஊரில் பிறந்தவர். பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையில் சேர்ந்து, 1842 ஜூலையில் புதுச்சேரிக்கு வந்து இறங்கினார். தமிழ் கற்றார், அங்கே குருமாணவர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பில் இருந்தார், வந்த நான்கே ஆண்டில் கொங்குநாட்டுக் கத்தோலிக்கர்களுக்குத் தலைவரானார். ஒன்பதாவது ஆண்டில், 1855 மார்ச்சில், ரோம் அவருடைய ராஜினாமாவை ஏற்றுக்கொண்டது.

ஆயர் பதவியை யாரும் சும்மா உதறிவிட்டுப் போவதில்லை. பிரெசியாக் நாத்திகர் ஆகிவிடவில்லை. வேதத்தில் ஏதோ ஒரு வசனம் இடறி, அதிலேயே விழுந்துபோனவரும் இல்லை. அவரைக் குடைந்தது வேறொரு சந்தேகம். நாம் கடவுள் முன்னால் சத்தியம் செய்து கொடுத்திருப்பது ஒன்று, ஊரில் நடத்திக்கொண்டிருப்பது இன்னொன்று, இது தகுமா?

கிறிஸ்தவ விசுவாசமும் சுயசிந்தனையும் என்று பேச ஆரம்பித்தால், பேச்சு உடனே டார்வினுக்குப் போய்விடும். ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டதா, நோவாவின் பேழையில் எத்தனை மிருகம் ஏறியது, நல்லவர்களுக்கு ஏன் கேன்சர் வருகிறது என்று ஒரு வட்டம் சுற்றி வரும். அவையும் கேள்விகள்தான். ஆனால் கோவை, ஈரோடு வட்டாரத்துக் கிறிஸ்தவ வரலாற்றைப் புரட்டினால், அங்கே கனமாக உட்கார்ந்திருப்பது பிரெசியாக்கின் கேள்வி. அந்தக் கேள்விக்குச் சபைகள் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பது என் எண்ணம். எப்படி வந்த கேள்வி அது?

எச்சிலும் தாலியும்

அதன் வேர் பிரெசியாக்குக்கு 200 ஆண்டுகளுக்கு முந்தையது. மதுரையில் காவி உடுத்து, பூணூல் அணிந்து, சைவ உணவு உண்டு, சந்நியாசியாக வாழ்ந்த இத்தாலிய சேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலியைத் தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். பூணூல், குடுமி, சந்தனம் போன்றவை மதச் சின்னங்களா, வெறும் சமூக வழக்கங்களா என்று அவருடைய சக குருக்களே அவர்மேல் புகார் எழுதினார்கள். 1623 ஜனவரியில் போப் பதினைந்தாம் கிரகோரி, நொபிலியின் பக்கம் பெரும்பாலும் சாய்ந்து தீர்ப்புச் சொன்னார். அதே ஆண்டு நொபிலி மதுரையை விட்டு வடக்கே நடந்து சேலம், சேந்தமங்கலம் பக்கம் வந்தார். சேந்தமங்கலத்தை ஆண்ட நாயக்கர் அவரை வரவேற்றார். கொங்கு எல்லைக்குள் அந்த விவாதம் காலெடுத்து வைத்தது அப்படித்தான்.

80 ஆண்டு கழித்து நிலைமை தலைகீழானது. போப்பின் தூதராக வந்த துர்னோன், 1704 ஜூனில் புதுச்சேரியில் 16 பிரிவுகள் கொண்ட ஓர் ஆணையைப் பிறப்பித்தார். அதைப் படித்தால் ஒரு தமிழ் வீட்டு விசேஷத்தின் சாமான் பட்டியலைப் படிப்பதுபோல இருக்கும். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. மஞ்சள் தடவிய 108 இழைக் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. பெண் பெரியவளானதைக் கொண்டாடக் கூடாது. நெற்றியில் திருநீறு கூடாது. கோவில் விழாவுக்குக் கிறிஸ்தவர்கள் மேளம் வாசிக்கப் போகக் கூடாது.

ஞானஸ்நானத்தில் குரு தன் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் தடவுவது அன்றைய ரோமானியச் சடங்கு. எச்சில் என்றாலே தமிழர்கள் முகம் சுளிப்பார்கள் என்று இங்கிருந்த குருக்கள் அதை விட்டுவிட்டிருந்தார்கள். விடக் கூடாது, தடவியே ஆக வேண்டும் என்றது ஆணை. இந்த ஒரு விஷயத்தில் என் அனுதாபம் முழுக்க அந்தக் குழந்தையின் பாட்டியோடுதான்.

அதே ஆணையில் இன்னொரு பிரிவும் இருந்தது. பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால், குரு அந்த வீட்டுக்குள்ளேயே போய் அவஸ்தைபூசுதல் கொடுக்க வேண்டும். நோயாளியை வெளியே தூக்கிவரச் சொல்லக் கூடாது. அதுவரை என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இந்த ஒரு தடையே சொல்லிவிடும். சாகப் போகிறவனைக் கட்டிலோடு வாசலுக்குத் தூக்கிவந்து, குரு தீட்டுப்படாமல் நின்று மந்திரித்துவிட்டுப் போனார். 'மேல்' சாதி விசுவாசிகள் குருவைத் தீட்டுப்பட்டவராகப் பார்க்கக் கூடாதாம்!

இந்த வழக்கு ரோமில் நாற்பது ஆண்டு இழுத்தது. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பு வழங்கினார். சில விஷயங்களில் தவணை கிடைத்தது, சிலவற்றில் இறுக்கம் கூடியது. தலித் கிறிஸ்தவர்களுக்கென்று தனியாக மறைபரப்பாளர்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் ஒத்துக்கொள்ளப்பட்டது. வீட்டுக்குள் போக வேண்டும் என்ற கட்டளை வந்ததும், அதற்கென்று வேறு ஆளை அனுப்பிவிட்டார்கள்! தமிழ்நாட்டில் பணியாற்ற வரும் ஒவ்வொரு மறைபரப்பாளரும் இந்தத் தீர்ப்புக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்பது விதி.

இதற்கு 'மலபார் சடங்குகள்' விவகாரம் என்று பெயர். மலபார் என்று அன்றைய ஐரோப்பியர்கள் சொன்னது நம்மைத்தான்.

கையெழுத்துப் போட்டவரின் தூக்கம்

பிரெசியாக் வந்தபோது அந்தத் தீர்ப்புக்கு வயது நூறு. எல்லோரும் சத்தியம் செய்தார்கள். பிறகு அவரவர் ஊருக்கு ஏற்றபடி நடந்துகொண்டார்கள். தடைசெய்யப்பட்டவற்றில் சில வெளிப்படையாகவே நடந்தன. சிலவற்றை மூத்த குருக்கள் கண்டும் காணாமல் விட்டார்கள். புதிதாக வந்தவர்கள் கேட்டால், போகப் போகப் பழகிவிடும் என்ற மாதிரியான பதில். நம் ஊரில் எந்த அலுவலகத்திலும் கேட்கக்கூடிய பதில்தான்.

பிரெசியாக்கை இன்றைய கண்ணோட்டத்தில் ஒரு சாதி ஒழிப்புப் போராளியாக ஆக்கிவிடக் கூடாது. இந்திய வழக்கங்களைப் பார்த்த மாத்திரத்தில் பழிக்கும் ஐரோப்பிய குருக்கள்மேல் அவருக்கு எரிச்சல் இருந்தது. சாதியில் மதம் எவ்வளவு, சமூக ஏற்பாடு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்றார். அந்த முயற்சியில் அவர் சாதிக்குச் சில இடங்களில் தேவைக்கு மேல் இடம் கொடுத்தார் என்றுகூடச் சொல்லலாம். அவர் ரோமிடம் கேட்டது எளிய விஷயம். அனுமதிப்பதானால் வெளிப்படையாக அனுமதியுங்கள். தடுப்பதானால் தடுங்கள். சத்தியத்தை வாங்கிக்கொண்டு மீறலைச் சகித்துக்கொண்டிருந்தால், சத்தியம் செய்தவனின் மனசாட்சிக்கு யார் பொறுப்பு?

அவருக்கு இன்னொரு குறையும் இருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளைக் குருக்களாக்குவதும், நாளடைவில் அவர்களையே ஆயர்களாக்குவதும்தான் வெளிநாட்டு மறைபரப்பாளரின் முதல் வேலை என்று அவர் நினைத்தார். சக குருக்களில் பலர் அதற்கு மனப்பூர்வமாக இசையவில்லை. கறுப்புத் தோல் குருவின் கீழ் வெள்ளைக்காரக் குரு வேலை செய்வதா என்ற எண்ணம் பேச்சில் வராவிட்டாலும் நடத்தையில் தெரிந்தது.

தெளிவான பதில் ரோமிலிருந்து வரவில்லை. அவர் விலகினார். இந்தியாவில் கழித்த பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார். மனம் வெறுத்து ஒதுங்கியும் விடவில்லை. 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859 மே 14 அன்று சியரா லியோனின் ஃப்ரீடவுனில் போய் இறங்கினார். அங்கே அப்போது மஞ்சள் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. ஆறு வாரத்தில், ஜூன் 25 அன்று, 45 வயதில் இறந்தார். அவரோடு போனவர்களும் அடுத்தடுத்து மாண்டார்கள். அவர் தொடங்கிய சபை இன்றும் இயங்குகிறது.

அவர் கேட்டவை தாமதமாக நடந்தன. தமிழ்நாட்டில் லத்தீன் வழிபாட்டு முறைக்கு முதல் இந்திய ஆயர், தூத்துக்குடியின் திபூர்சியுஸ் ரோச், 1923இல்தான் வந்தார். அந்தச் சத்தியத்தை ரோமே 1940இல் கைவிட்டது. 2020 மே மாதம் போப் பிரான்சிஸ், பிரெசியாக்கை 'வணக்கத்துக்குரியவர்' என்று அறிவித்தார். புனிதர் பட்டத்துக்குப் போகும் வழியில் அது ஒரு படி. சந்தேகப்பட்டுப் பதவி விலகியவரைத் திருச்சபை 165 ஆண்டு கழித்துப் பாராட்டுகிறது. அவர் காலத்தில் ஒரு கடிதத்துக்கு ஒழுங்காகப் பதில் போட்டிருந்தால் போதுமே என்று தோன்றாமல் இல்லை.

இதற்கிடையில் 1704 ஆணையின் பட்டியலை இன்றைய கோவைக் கிறிஸ்தவ வீட்டில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் நீராட்டுச் சீர் நடக்கிறது. தாய்மாமன் தட்டு வரிசையோடு வருகிறார். சபை ஐயரோ பாஸ்டரோ வந்து ஜெபம் செய்து ஆசீர்வதிக்கிறார். பிள்ளையார் இருந்த இடத்தில் சிலுவையோ புறாவோ பொறித்த தாலி, மஞ்சள் கயிற்றிலோ தங்கச் சரட்டிலோ தொங்குகிறது. யாரும் மனசாட்சி உறுத்தித் தூக்கம் கெடுவதில்லை. கெட வேண்டிய அவசியமும் இல்லை. ஆணை பட்டியலிட்ட பலவற்றில், தமிழர்கள் தங்கள் சுயபுத்தியைப் பயன்படுத்தி எது வழக்கம், எது வழிபாடு என்று தாங்களே பிரித்துக்கொண்டார்கள். பட்டியலில் ஒரே ஒரு பிரிவில் மட்டும் அந்தச் சுயபுத்தி வேலை செய்யவில்லை. அது சாதி.

நீங்களே தீர்மானியுங்கள் என்றவர்கள்

புராட்டஸ்டன்ட் பக்கம் கதை 1830இல் தொடங்குகிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த டபிள்யூ.பி. அடிஸ் அந்த ஆண்டு கோயம்புத்தூர் வந்தார். 1795இல் தொடங்கிய லண்டன் மிஷன், மறு ஆண்டே தன் அடிப்படைக் கொள்கை ஒன்றை எழுதி வைத்தது. அந்தக் காலத்துக்கு அது துணிச்சலானது. நற்செய்தியை மட்டும் கொண்டுபோவோம். பிஷப் முறையா, மூப்பர் முறையா, எந்த விதச் சபை அமைப்பு என்பதை ஏற்றுக்கொள்கிறவர்களே வேதத்தைப் படித்துத் தீர்மானித்துக்கொள்ளட்டும். ஏட்டில் எழுதிய சுயசிந்தனைச் சாசனம் என்றே இதைச் சொல்லலாம்.

நடைமுறையில் சம்பளம் கொடுப்பவர் தீர்மானித்தார். அதை மிஷனரிகள்மேல் மட்டும் சொல்லிப் பயனில்லை. பள்ளிக்கூடம், வேலை, அடி உதையிலிருந்து பாதுகாப்பு என்று எல்லாவற்றுக்கும் துரையை நம்பியிருந்த குடும்பங்கள், சபை ஆட்சி முறையைப் பற்றி அவரோடு வாதம் செய்யும் நிலையில் இல்லை. ஆனால் எழுத்தறிவு கொடுத்துவிட்டால் கேள்வி தானாக வரும். அதைத் தடுக்க எந்த மிஷனாலும் முடியவில்லை.

ஈரோட்டில் லண்டன் மிஷனின் ஆஸ்திரேலியர் ஏ.டபிள்யூ. பிரப் பல ஆண்டுகள் பணியாற்றினார். அவர் பெயரால் நிற்கும் பிரப் நினைவு ஆலயம் இன்றும் ஈரோட்டின் அடையாளங்களில் ஒன்று. அந்த ஆலயமணி காதில் விழும் ஊரில்தான் 1925 மே 2 அன்று பெரியாரின் 'குடி அரசு' வார இதழ் பிறந்தது.

பெரியாரின் நாத்திகம் இந்து மதத்தை மட்டும் குறிவைத்தது என்பது அரைகுறைப் பேச்சு. 1927இல் லண்டனில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஆற்றிய, தான் ஏன் கிறிஸ்தவன் இல்லை என்ற உரை, சில ஆண்டுகளிலேயே சுயமரியாதை இயக்கத்தாரின் தமிழில் மலிவு விலைப் புத்தகமாக வந்தது. கிராமத்து வாசகசாலைகளில் பீடித் தொழிலாளியும் நெசவாளியும் ரஸ்ஸலைப் படித்த காலம் அது.

அவர்கள் தமிழுக்குக் கொண்டுவந்த இன்னொரு நூல்தான் எனக்கு இந்தக் கட்டுரைக்கு முக்கியமாகப் படுகிறது. ழான் மெஸ்லியே, வடகிழக்கு பிரான்சில் எத்ரெப்பிஞி என்ற சிற்றூரின் பங்குக் குரு. நாற்பது ஆண்டு பூசை வைத்தார், ஞானஸ்நானம் கொடுத்தார், பிணம் அடக்கம் செய்தார். 1729இல் அவர் இறந்தபோது நீண்ட கையெழுத்துப் பிரதி ஒன்றை விட்டுப்போனார். தனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை, இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய், ஏழைகளை ஏய்க்கும் ஏற்பாடு, அதற்காகத் தன் பங்கு மக்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று அதில் எழுதியிருந்தார். தமிழில் அது 'மரண சாசனம்' ஆயிற்று.

இரண்டு பிரெஞ்சுக் குருக்கள். ஒருவர் நம்பாததை நாற்பது ஆண்டு சொல்லிவிட்டு, செத்த பிறகு உண்மையைச் சொன்னார். இன்னொருவர் நம்பியதை முழுசாக நடத்த முடியவில்லை என்று உயிரோடு இருக்கும்போதே எழுந்து போனார். முன்னவரின் கதையைக் கொங்கு மண் தமிழில் அச்சிட்டு வீதிவீதியாக விற்றது. பின்னவர் இதே மண்ணில், பெருந்துறை, அவிநாசி தாண்டி ஒரு பஸ் பயணத் தூரத்தில் வாழ்ந்தவர். அவரை ஈரோட்டுப் பகுத்தறிவாளர்களும் கண்டுகொள்ளவில்லை, கோவை விசுவாசிகளும் பெரிதாகப் பேசவில்லை. சந்தேகப்படுகிறவன் ஒன்று வெளியேறி எதிரியாக வேண்டும், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும் என்று இரு தரப்பும் சேர்ந்தே முடிவு கட்டிவிட்டன.

ரேஸ் கோர்ஸில் ஒரு பெயர்ப் பலகை

கோவை ரேஸ் கோர்ஸ் சாலையில் பிஷப் அப்பாசாமி கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். அந்த அப்பாசாமி யார் என்று எதிரே வரும் பத்துப் பேரைக் கேட்டால், ஒருவருக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

அய்யாதுரை இயேசுதாசன் அப்பாசாமி, 1891இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். தந்தை ஏ.எஸ். அப்பாசாமி பிள்ளை, சைவத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த வழக்கறிஞர். முதுமையில் இந்திய யோக முறைத் தியானத்தைக் கற்று, அதைத் தன் கிறிஸ்தவ ஜெபத்தோடு சேர்த்துக்கொண்டவர். மகன் ஹார்வர்டில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டில் 1922இல் முனைவர் பட்டம் பெற்றார். யோவான் சுவிசேஷத்தின் அனுபூதியும் இந்து பக்தி இலக்கியமும்தான் ஆய்வுப் பொருள். சென்னை மாகாண மிஷன் பங்களாக்கள் அதைக் கேட்டு எப்படி முழித்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளலாம்.

1920இல் சாது சுந்தர் சிங் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார். காவி உடையும் வெறுங்காலுமாக இமயத்தில் அலைந்து ஊழியம் செய்த பஞ்சாபி. தரிசனங்கள் கண்டதாகச் சொன்னவர். ஐரோப்பாவே அவர் பின்னால் ஓடிய நேரம். அப்பாசாமியும் அவருடைய ஆசிரியர் ஸ்ட்ரீட்டரும் சாதுவை உட்காரவைத்துக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார்கள். என்ன கண்டீர்கள், எப்போது, விழித்திருந்தா, எப்படித் தெரியும் என்று கேட்டுக் குறித்து, 1921இல் புத்தகமாக வெளியிட்டார்கள். பிறகு சாதுவின் அற்புதக் கதைகள் உண்மையா புளுகா என்று ஐரோப்பாவில் பெரிய சண்டை மூண்டது. அப்பாசாமி சாதுவை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் சந்தேகப்பட்டவர்களைப் பாவிகள் என்றும் ஒதுக்கவில்லை. பல ஆண்டு கழித்துச் சாதுவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோதும் அந்தக் கேள்விகளை எடுத்துவைத்தே எழுதினார்.

1927இல் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் நூலை எழுதினார். 1930இல் இந்து பக்திப் பாடல்களையும் வாசகங்களையும் தொகுத்து, கிறிஸ்தவர்கள் தியானிக்கலாம் என்று வெளியிட்டார். சங்கரரின் அத்வைதம் அவருக்கு ஒத்துவரவில்லை, ராமானுஜரிடம் அதிகம் கற்றார். இறைவனுக்கும் உலகுக்கும் உள்ள உறவு உயிருக்கும் உடலுக்கும் உள்ள உறவு என்ற விசிஷ்டாத்வைதக் கருத்தைக் கிறிஸ்தவ இறையியலுக்குள் கொண்டுவந்தார். தந்தையும் மகனும் ஒன்று என்பதை அன்பிலும் சித்தத்திலும் உள்ள ஒற்றுமையாக அவர் விளக்கியபோது, இது கிறிஸ்துவின் தெய்வத்தன்மையைக் குறைப்பதாகும் என்று எதிர்ப்பு வந்தது. பிற்காலத்தில் அந்தக் கருத்தை அவரே ஓரளவு திருத்திக்கொண்டார். தன் இறையியல் பயணத்தைப் பற்றி 1964இல் எழுதிய நூலுக்கு அவர் வைத்த பெயரிலேயே தேடல் இருக்கிறது.

இப்படிப்பட்டவரைத்தான் 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.), 1950இல் கோயம்புத்தூரின் முதல் பேராயராக்கியது. பல ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். இன்று ஒரு பேராயர் தேர்தலில் இப்படியொருவர் நின்றால் எத்தனை ஓட்டு விழும் என்று நான் கேட்கப்போவதில்லை.

அப்பாசாமி சொன்னவற்றில் இன்றைக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று உண்டு. ஒரு விஷயத்தை உண்மை என்று எப்படி அறிவது? இந்திய தத்துவ மரபு இதற்குப் பிரமாணங்களைச் சொல்கிறது. அதிலிருந்து அவர் மூன்றை எடுத்துக்கொண்டார். சுருதி, அதாவது வேதம். யுக்தி, அதாவது பகுத்தறிவு. அனுபவம். நான்காவதாகச் சபையைத் தானே சேர்த்தார். நாலும் ஒன்றையொன்று சோதிக்க வேண்டும். எனக்கு ஆண்டவர் கனவில் சொன்னார் என்று ஒருவர் வந்தால், அந்த அனுபவத்தை வேதமும் அறிவும் சபையும் விசாரிக்கலாம். வேதத்தில் போட்டிருக்கிறது என்று ஒருவர் வசனத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், அறிவுக்கும் அங்கே பேச உரிமை உண்டு.

ஈரோடு பகுத்தறிவை மதத்துக்கு எதிரே நிறுத்திய அதே தலைமுறையில், அதே வட்டாரத்தின் பேராயர் பகுத்தறிவைத் திருச்சபைக்குள் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். பெரியாரும் அவரும் மேடையில் சந்தித்து வாதம் செய்திருந்தால் தமிழுக்கு ஒரு நல்ல புத்தகம் கிடைத்திருக்கும்.

அப்பாசாமியை மேற்கத்திய பாணித் தாராளவாதி என்று நினைத்துவிட வேண்டாம். எழுப்புதல் கூட்டங்களில் அவருக்கு ஈடுபாடு உண்டு. கிராமங்களில் சுவிசேஷம் சொல்வதில் தீவிரம் காட்டினார். ஜெபத்தில் மணிக்கணக்காக இருப்பவர். கேள்வி கேட்பவனுக்குப் பக்தி குறைவு என்ற நம் ஊர்க் கணக்கு அவரிடம் பொய்த்துப்போகும்.

"விசுவாசிங்க தம்பி, எல்லாம் சரியாயிரும்"

இன்றைய கோவைக்கு வருவோம். பனியன் கம்பெனிகளுக்கும் இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கும் வேலை தேடியும் படிக்கவும் தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏராளம். பழைய சி.எஸ்.ஐ. சபைகள், கத்தோலிக்கப் பங்குகள் ஒரு பக்கம். கடை மாடிகளிலும் கல்யாண மண்டபங்களிலும் கூடும் பெந்தெகொஸ்தே சபைகள் இன்னொரு பக்கம். சிறுவாணி அடிவாரத்தில், சுகமளிக்கும் ஜெபத்துக்குப் பெயர்பெற்ற டி.ஜி.எஸ். தினகரன் 1986இல் தொடங்கிய காருண்யா, பொறியியலையும் ஜெபத்தையும் ஒரே வளாகத்தில் வைத்திருக்கிறது.

இங்கே ஒரு பையனுக்குச் சந்தேகம் வந்தால் என்ன நடக்கிறது? பெரும்பாலும் அன்பாகவே நடத்துவார்கள். கொங்கு மரியாதையோடு, "அப்பிடியெல்லாங் கேக்கக்கூடாதுங்க தம்பி, விசுவாசிங்க, எல்லாம் சரியாயிரும்" என்று தோளில் தட்டிவிடுவார்கள். அடுத்த வாரம் இளைஞர் கூட்டத்தில் அவனுக்காக விசேஷ ஜெபம் நடக்கும். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு புத்தகமோ, ஒரு மணி நேரப் பேச்சோ. கிடைத்தது பரிதாபம். இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும் அவன் கேட்பதை நிறுத்திவிடுவான். கேள்வி நின்றதை விசுவாசம் வளர்ந்ததாகக் கணக்கெழுதிக்கொள்வார்கள்.

கேட்பவனை 'சந்தேகத் தோமா' என்று கிண்டல் செய்வதும் உண்டு. அந்தத் தோமாதான் கடல் தாண்டி நம் ஊருக்கு வந்ததாகப் பரங்கிமலை பாரம்பரியம் சொல்கிறது என்பதை யாராவது நினைவுபடுத்தினால் நல்லது. யோபு கடவுளையே வழக்குக்கு இழுக்கிறார். சங்கீதங்களில் பாதி புலம்பலும் புகாரும். மாற்கு சுவிசேஷத்தில், நோயாளி மகனைக் கூட்டிவரும் தகப்பன் தன் நம்பிக்கையையும் நம்பிக்கையின்மையையும் ஒரே மூச்சில் சொல்லி உதவி கேட்கிறான், உதவி கிடைக்கிறது. ஜெபம் செய்துவிட்டு வா, பிறகு பார்க்கலாம் என்று அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சோம்பல் உண்டு. நான்கு யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு வேதம் முழுக்கக் கட்டுக்கதை என்று முடிவுகட்டுவதற்குச் சுயசிந்தனை என்று பெயர் வைத்தால், ரஸ்ஸலே வருத்தப்படுவார். பெரியார் மேடைக்கு வந்தவர்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்கள், புத்தகம் வாங்கிப் படித்தார்கள். சந்தேகப்படவும் உழைப்பு வேண்டும்.

அப்பாசாமியின் நாலு பிரமாணங்களிலும் ஒரு சிக்கல் தீராமல் இருக்கிறது. தனிமனிதன் தவறினால் சபை திருத்தும். சபையே தவறினால்? வேதமும் அறிவும் அனுபவமும் ஒன்றாகச் சொல்வதைச் சபை கேட்க மறுத்தால்? பிரெசியாக் இடித்துக்கொண்ட சுவர் இதுதான். தமிழ்நாட்டில் அது வெறும் உவமை இல்லை. வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக உட்காரக் கட்டிய கோவிலில் நிஜமான சுவர் நின்றது. 1910இல்தான் இடித்தார்கள். கல்யாணப் பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் நிற்கும் சுவர்களைக் கடப்பாரையால் இடிக்க முடியாது.

அப்பாசாமி கோவைக்குப் பேராயரான அதே 1950இல், ஆகஸ்ட் 10 அன்று, குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வெளியானது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது அது. பின்னால் 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியே. கொங்கு வட்டாரச் சபைகளில் தலித் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு விசுவாசம் என்பது ஞாயிற்றுக்கிழமை விஷயம் மட்டும் இல்லை. மகனுக்குக் கல்லூரியில் இடம் வேண்டும் என்றால் தாலுகா ஆபீஸ் காகிதத்தில் ஒரு மதம், சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்னொரு மதம் என்று வாழ வேண்டியிருக்கிறது.

இதை இரட்டை வேடம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நீதிமன்றமும் சொல்கிறது, சில பிரசங்கியாரும் சொல்கிறார்கள். பிரெசியாக்கிடம் வாங்கிய சத்தியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றைச் சொல்லச் சொல்லி, வேறொன்றைச் செய்தால்தான் பிழைக்க முடியும் என்ற நிலையில் ஒருவனை நிறுத்திவிட்டு, பிறகு அவன் நேர்மையைச் சந்தேகிப்பது என்ன நியாயம்? அங்கே சந்தேகப்பட வேண்டியது நிறுத்தியவர்களை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்ற அனுமானத்தில் அரசு எழுதிய ஆணை அது. அந்த அனுமானம் பொய் என்பது சபைக்குத்தான் முதலில் தெரியும். கல்யாண ஓலை வாசிக்கும்போது எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு சம்பந்தம் பேசுகிறது என்று சபைக்குத் தெரியாதா?

சி.எஸ்.ஐ. சபைகளில் பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் வகுப்பு நடக்கும். கேள்வியும் பதிலும் அச்சில் இருக்கும், மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். இரண்டு மதங்களோடு வாழும் அந்த வீட்டுப் பையன் அங்கே கையைத் தூக்கினால், ஆதாம் ஏவாளைப் பற்றியோ டைனோசரைப் பற்றியோ கேட்பான் என்று நான் நினைக்கவில்லை. "ஏனுங் ஐயா, கமிட்டியில இருக்கறவங்க யாராவது எங்கூட்ல பொண்ணெடுப்பாங்களா?" என்றுதான் கேட்பான்.